தண்ணில ஓடுற கடிகாரத்த உண்மையில ஓட்டுறது எது?

ஆன்லைன்ல இப்பம் ஒரு சின்ன டேபிள் கடிகாரம் விக்காங்க, பேட்டரி கட்டை வேண்டாம், பிளக்குல சொருக வேண்டாம், மூடியத் திறந்து ரெண்டு குழில தண்ணிய ஊத்தி மூடிட்டா முன்னால நம்பர் வந்துருது. பிள்ளைகளுக்கு பிறந்தநாள் கிஃப்டா குடுக்காங்க, ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷன்ல வைக்காங்க, பாக்குற பெரியாளுங்களும் "பரவால்லயே, தண்ணிலயே கரண்ட் இருக்கு பாரேன்"னு சொல்லிட்டுப் போறாங்க. சாமான் நல்ல சாமான்தான், நெசமாவே ஓடும். ஆனா அத ஓட்டுறது தண்ணி கிடையாது. குழிக்குள்ள ரெண்டு தகடு தொங்குதுல்லா, அதுல ஒண்ணு நாளுக்கு நாள் கொஞ்சங் கொஞ்சமா கரையுது, மணி ஓடுறது அந்தக் கரைச்சல்லதான்.

இத சும்மா வேதியியல் பாடமா சொல்லிட்டுப் போயிரலாம். ஆனா இதே விஷயத்த தலைகீழா வச்சு நம்ம ஊர்ல வருஷக்கணக்கா ஒரு வித்தை நடக்கு, அதையும் சேத்துப் பாத்தாதான் முழுசா புரியும். ஆர்ஓ மெஷின் விக்க வாரவங்க வீட்டுக்குள்ள வந்து ரெண்டு கண்ணாடி டம்ளர் கேப்பாங்க, ஒண்ணுல நம்ம குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவங்க கொண்டாந்த ஆர்ஓ தண்ணி, ரெண்டுக்குள்ளயும் ஜோடி ஜோடியா கம்பி உள்ள ஒரு கருவிய முக்கி கரண்ட்ல சொருகுவாங்க. ரெண்டு நிமிஷத்துல குழாய்த் தண்ணி கலங்கி, பச்சையும் காவியுமா திரிஞ்சு, மேல அழுக்கு நுரை கட்டி நிக்கும், ஆர்ஓ தண்ணி அப்படியே தெளிவா இருக்கும். "பாத்தியளா அக்கா, இதத்தான் பிள்ளைகளுக்குக் குடுக்கியோ"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான், அட்வான்ஸ் கைமாறிரும்.

அந்தக் கலங்கல் தண்ணிக்குள்ள இருந்து வந்தது இல்ல. ஒரு ஜோடில ஒரு கம்பி இரும்பு, இன்னொண்ணு அலுமினியம், கரண்ட் போனதும் இரும்பு கரைஞ்சு துருவா மெதக்கு, அதத்தான் அழுக்குன்னு காட்டுதாங்க. ஆர்ஓ தண்ணில உப்பு கம்மி, அதுக்குள்ள கரண்ட் சரியா போகாது, அதனால கம்பி கரையாது, தெளிவா நிக்கும். நம்புறதுக்குக் கஷ்டமா இருந்தா அவங்க முன்னாலயே ஆர்ஓ டம்ளர்ல ஒரு சிட்டிகை சமையல் உப்பப் போட்டு திரும்ப ஓட்டச் சொல்லுங்க, அதுவும் கலங்கிரும். ஆக அங்க கம்பி செஞ்ச வேலைக்குத் தண்ணிக்குப் பழி, இந்தக் கடிகாரத்துல தகடு செஞ்ச வேலைக்குத் தண்ணிக்குப் புகழ். அங்க கரண்ட வெளிய இருந்து குடுத்து உலோகத்தக் கரைக்காங்க, இங்க உலோகம் தானே கரைஞ்சு கரண்ட வெளிய குடுக்கு, வித்தியாசம் அதுதான்.

சரி, உள்ள என்ன நடக்குன்னு பாப்போம். ஒரு தகடு செம்பு, இன்னொண்ணு துத்தநாகம், அதாவது ஜிங்க். சில கம்பெனிக்காரங்க மெக்னீசியம் போடுதாங்க. துத்தநாகத்துக்கு எலெக்ட்ரானக் கைவிடுறதுல அவ்வளவு அவசரம், செம்புக்கு அப்படி இல்ல. புஸ்தகக் கணக்குல துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட், செம்பு ப்ளஸ் 0.34, ரெண்டுக்கும் இடையில 1.1 வோல்ட். ஆனா இந்த 1.1 கிடைக்கணும்னா செம்புப் பக்கம் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கரைச்ச தண்ணி இருக்கணும், 1836ல டேனியல்ங்கிற விஞ்ஞானி செஞ்ச செல் அதுதான். நம்ம கடிகாரத்துல வெறும் தண்ணிதான இருக்கு, அப்பம் செம்புப் பக்கம் எலெக்ட்ரான வாங்கிக்கிடுறது யாரு? தண்ணில கரைஞ்சு கிடக்கிற ஆக்சிஜன். மீன் மூச்சு விடுதே, அதே ஆக்சிஜன்தான். அது எலெக்ட்ரான வாங்கி ஹைட்ராக்சைடா மாறும், அந்தப் பக்கம் துத்தநாகம் அயனியா, அதாவது மின்னூட்டம் உள்ள அணுவா, கரையும், ரெண்டும் சேந்து வெள்ளையா ஒரு படலமா தகட்டுல படியும். செம்புத் தகடு கிட்டத்தட்ட சும்மாதான் நிக்கு, ஆக்சிஜன் வந்து இறங்குற திண்ணை அது, அவ்வளவுதான். மீட்டர் வச்சுப் பாத்தா ஒரு குழிக்கு 0.8, 0.9 வோல்ட் பக்கம் காட்டும்.

தண்ணிக்கு இதுல ரெண்டே வேலை. ஒண்ணு, அதுல உள்ள உப்பு அயனிங்க அங்கிட்டும் இங்கிட்டும் நகந்து சர்க்யூட்ட உள்பக்கமா மூடி வைக்கணும். ரெண்டாவது, ஆக்சிஜனக் கொண்டாந்து சேக்கணும். ரொம்ப நுணுக்கமா கணக்குப் போட்டா அந்த வினையில தண்ணியும் துளியூண்டு செலவாகும்தான், ஆனா அது வெயில்ல ஆவியாகிப் போறதுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட வராது.

ஒரு குழில 0.9 வோல்ட்டுன்னா கடிகாரத்துக்குப் பத்தாது, அதுக்கு 1.5 வேணும். அதுக்குத்தான் ரெண்டு குழி, ஒண்ணோட செம்ப அடுத்ததோட துத்தநாகத்துக்கு இணைச்சு வரிசையா போட்டுருப்பாங்க. இங்க ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, வீட்டுல செய்யுறவங்க பெரும்பாலும் மாட்டிக்கிடுற இடமும் இதுதான்: ரெண்டு ஜோடித் தகட்டையும் ஒரே டம்ளர்ல முக்கினா வோல்ட்டேஜ் கூடாது. ஏன்னா நடுவுல இருக்க தண்ணியே முதல் ஜோடியையும் ரெண்டாவது ஜோடியையும் உள்ளுக்குள்ள கோத்து விட்டுரும், கம்பி வழியா வெளிய வர வேண்டியது உள்ளயே சுத்தி முடிஞ்சிரும். ரெண்டு தனித்தனி தண்ணி வேணும். கடைல வாங்குன பொட்டில கூட நடுச்சுவருக்கு மேல தண்ணி வழிய ஊத்திட்டா நம்பர் மங்கிப் போகும், துணியால அந்தச் சுவர தொடைச்சா திரும்ப வந்துரும்.

இவ்வளவு நோஞ்சான் கரண்ட வச்சு எப்படி ஒரு கடிகாரம் ஓடுதுன்னா, அந்தப் பெருமை கடிகாரத்துக்குத்தான் போகணும். உள்ள ஒரு குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 தடவை துடிக்கு, சிப்பு அத ரெண்டு ரெண்டா பதினஞ்சு தடவை வகுத்தா விநாடிக்கு ஒண்ணு கிடைச்சிரும், அத எண்ணி எல்சிடில காட்டுது. எல்சிடி வெளிச்சம் போடாது, வெளிய இருந்து வர்ற வெளிச்சத்த மறைச்சும் விட்டும் நம்பர் காட்டும், அதனால செலவே இல்ல. மொத்தமா பத்து மைக்ரோ ஆம்பியர்னு வச்சுக்கிடுங்க, ஆம்பியர்ல லட்சத்துல ஒரு பங்கு.

இப்பம் ஒரு கணக்கு போடுவோம், எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஒரு கிராம் துத்தநாகம் முழுசாக் கரைஞ்சா எவ்வளவு மின்னூட்டம் வரும்னு ஃபாரடே விதிய வச்சுப் பாத்தா சுமார் 820 மில்லி ஆம்பியர் மணி வருது. பத்து மைக்ரோ ஆம்பியர்ல செலவழிச்சா 82,000 மணி நேரம், ஒம்பது வருஷத்துக்கு மேல! ஒரே கிராம்ல! நெசத்துல அவ்வளவு நாள் வராது, ஏன்னா கடிகாரம் கேட்டாலும் கேக்காட்டியும் துத்தநாகம் தண்ணில தானாவும் அரிச்சுக்கிட்டே இருக்கும், அந்த அரிப்புல போற எலெக்ட்ரான் நம்ம கம்பிக்கு வராது. ஆனாலும் ஒண்ணு தெளிவாத் தெரியுது, விளம்பரத்துல "ஒரு தடவை தண்ணி ஊத்துனா வாரக்கணக்குல ஓடும்"னு போடுறதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. அந்தத் தகட்டுக்குள்ள வருஷக்கணக்குல ஓடுற சரக்கு இருக்கு.

வீட்டுல செஞ்சு பாக்க பொட்டி வாங்கணும்னே இல்ல. துத்தநாகத்துக்கு ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசுன இரும்புத் தகடு போதும், கூரைக்குப் போடுற ஷீட்ல வெட்டுன துண்டு எந்தத் தகர வேலைக்காரர்கிட்டயும் கிடைக்கும், பெயிண்ட் அடிச்சது மட்டும் ஆகாது. சாதாரண ஷீட்டு 120 ஜிஎஸ்எம்னு போட்டுருப்பான், அப்படின்னா ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேத்து 120 கிராம் துத்தநாகப் பூச்சு. ரெண்டு சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் நீளம் வெட்டுனா அதுல கால் கிராம் கிட்ட இருக்கும், விளையாடிப் பாக்கத் தாராளம். பேட்டரி கட்டைய உடைச்சு உள்ள இருக்க துத்தநாகத்த எடுக்கலாம்னு சிலபேர் சொல்லுவாங்க, வேண்டாம்னுதான் சொல்லுவேன், இப்பம் வர்ற கட்டைல சிலது அல்கலைன், உள்ள இருக்கது தோல அரிச்சுரும்.

செம்புக்கு மோட்டார் காயில் கட்டுற கடைக்குப் போனா போதும், நெல்லை ஜங்ஷன் பக்கம் அதுக்குப் பஞ்சமே இல்ல, கிணத்து மோட்டார் எரியாத நாள் உண்டா. பழைய காயில்ல அறுத்துப் போட்ட கம்பி கும்பலாக் கிடக்கும். "என்னடே, கடிகாரத்துக்கு எதுக்குடே காயில் கம்பி"ன்னு அண்ணாச்சி கேப்பாரு. "தண்ணில முக்கி மணி ஓட்ட, அண்ணாச்சி"ன்னா ஒரு மாதிரியாப் பாத்துட்டு "அப்பம் மேல இருக்க வார்னிஷ நல்லா சுரண்டு, இல்லேன்னா உன் மணி ஓடுன மாதிரிதான்"னு சொல்லி அனுப்புவாரு. அவரு சொன்னதுதான் பாயிண்ட். காயில் கம்பி மேல கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு உண்டு, அத உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சாதான் தண்ணி செம்பத் தொடும். நாலஞ்சு கம்பியச் சுருட்டி வச்சா பரப்பு கூடும், பரப்பு கூடுனா கரண்டு கூடும்.

கடிகாரம் பட்டன் செல்லுல ஓடுற சின்ன டிஜிட்டல் கடிகாரமா இருக்கணும், 1.5 வோல்ட் ஒத்த செல்லு. செல்ல எடுத்துட்டு, செம்புப் பக்கத்த ப்ளஸ்ஸுக்கும் தகட்டுப் பக்கத்த மைனஸுக்கும் இழுத்துருங்க. முள்ளு உள்ள சுவர்க் கடிகாரத்துல இது லேசுல ஓடாது. அதுக்கு சராசரிக் கரண்ட் ஒண்ணும் பெருசு இல்லதான், ஆனா ஒவ்வொரு விநாடியும் முள்ளத் தள்ளுற அந்தக் கண நேரத்துல சில மில்லி ஆம்பியர் வேணும், தண்ணி செல்லோட உள் தடைல அவ்வளவு ஒரே இழுப்புல வராது. குறுக்க 1000 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் ஒண்ணப் போட்டா சமயத்துல டக் டக்னு ஓட ஆரம்பிக்கும், அது விநாடி பூரா சேத்து வச்சு ஒரே தட்டுல குடுத்துரும்.

எந்தத் தண்ணி ஊத்தணும்ங்கிறதுலதான் நம்ம ஜில்லா சுவாரசியமே இருக்கு. பொதிகை மலைல இறங்கி பாபநாசம், அம்பை, சேரன்மாதேவின்னு வர்ற தாமிரபரணித் தண்ணி மலைப்பாறைல வழிஞ்சு வர்றது, உப்பு குறைவு, குடிக்க அருமை, ஆனா இந்தக் கடிகாரத்துக்குக் கொஞ்சம் மந்தம். அப்படியே தெக்க நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைன்னு போனா போர்த் தண்ணி பல இடத்துல உப்பு, குளிச்சா சோப்பு நுரைக்காது, குக்கர்ல வெள்ளையா படியும், வீட்டுல உள்ள எல்லாரும் திட்டுற தண்ணி. இந்த வேலைக்கு அதுதான் ராஜா. அயனி நெறைய இருக்கதால உள் தடை குறையும், நம்பர் கருகருன்னு தெரியும். குடிதண்ணிக்கு இந்திய ஸ்டாண்டர்டுல லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லேன்னா 2000 வரைக்கும்னு இருக்கு. உவரி, இடிந்தகரைக் கடல் தண்ணில சுமார் 35,000. ஆர்ஓ தண்ணில பல வீட்டுல நூறு கூட இல்ல, அத ஊத்துனா சில கடிகாரம் நம்பரே காட்டாது, பேட்டரித் தண்ணின்னு விக்கிற டிஸ்டில்டு வாட்டர் ஊத்துனா சுத்தம். அதே ஆர்ஓ டெமோ கதைதான் இங்கயும், ஆனா இங்க தோத்தது ஆர்ஓ.

உப்பக் கூட்டுனா வோல்ட்டேஜும் கூடும்னு நெனச்சு அள்ளிப் போடுறவங்க உண்டு. வோல்ட்டேஜ் பெருசா மாறாது, அது உலோகத்தப் பொறுத்த விஷயம். கூடுறது கரண்டு தர்ற தெம்பு. கூடவே துத்தநாகம் தானா அரிக்கிற வேகமும் கூடும், அதனால ஒரு சிட்டிகையோட நிறுத்திக்கிடணும். எலுமிச்சை, புளித்தண்ணி, பழைய சோத்து நீத்தண்ணி எல்லாம் ஊத்துனாலும் ஜோரா ஓடும், ஆனா புளிப்பு துத்தநாகத்த நேராவே தின்னும், தகட்டு மேல பொடிப்பொடியா குமிழி வரும், அது ஹைட்ரஜன். புளிக்குழம்ப ஈயம் பூசாத பித்தளைல வைக்காதன்னு வீட்டுல பெரியவங்க சொன்னது இதே காரணத்துக்குத்தான், உலோகம் குழம்புக்குள்ள இறங்கிரும். அதனால இந்தத் தண்ணிய யாரும் வாயில வச்சுரக் கூடாது, சின்னப் பிள்ளைங்க உள்ள வீட்டுல குறிப்பா எலுமிச்சை ஊத்துன டம்ளர ஜூஸ்னு நெனச்சு எடுத்துரும்.

இப்பம் அசல் கேள்விக்கு வருவோம். சில வாரத்துல நம்பர் மங்குது, தண்ணிய மாத்துனதும் திரும்ப ஜம்முனு வருது, அப்பம் தண்ணி தீந்துதானே நின்னுச்சுன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி, பெட்ரோல் போட்டதும் வண்டி ஓடுற மாதிரிதான் தோணும். நடந்தது வேற: துத்தநாகத்து மேல வெள்ளைப் படலம் படிஞ்சு மூடிருச்சு, குழிய இறுக்கி மூடி வச்சதால தண்ணிக்குள்ள ஆக்சிஜன் கொறைஞ்சிருச்சு. ஐம்பது மில்லி தண்ணில நம்ம வெக்கைக்கு கரைஞ்சிருக்க ஆக்சிஜன் அரை மில்லிகிராம் கூட வராது, பத்து மைக்ரோ ஆம்பியர் கணக்குல அது அஞ்சு நாளைக்குத்தான் காணும், அதுக்கப்புறம் காத்துல இருந்து கரைஞ்சு இறங்குறத நம்பித்தான் ஓடணும். புதுத் தண்ணி ஊத்துறப்போ படலம் கொஞ்சம் கழுவிப் போகுது, புது ஆக்சிஜன் வருது, அதான் உசிரு வருது.

இத நிரூபிக்கிறது லேசு. நம்பர் மங்குனதும் தண்ணிய மாத்தாதீங்க. தகட்ட மட்டும் வெளிய எடுத்து உப்புத்தாள்ல தேய்ங்க, ஜிஐ தகடுன்னா மெதுவா தேய்க்கணும், பூச்சே போயிரும். அதே பழைய தண்ணிய ஒரு ஸ்பூன வச்சு நல்லா கலக்கி ஆத்தி விட்டு, தகட்டத் திரும்ப முக்குங்க. ஓடும். தண்ணி அதே தண்ணிதான். இன்னொரு பரிசோதனை, காய்ச்சி ஆற வச்ச தண்ணிய அலுங்காம ஊத்திப் பாருங்க, கொதிக்கிறப்போ ஆக்சிஜன் பெரும்பாலும் வெளிய போயிரும்ங்கிறதால கொஞ்சம் மந்தமா இருக்கும், டம்ளர் விட்டு டம்ளர் டீ ஆத்துற கணக்குல தூக்கி ஆத்தி ஊத்துனா தெளிஞ்சிரும். ஜிஐ தகட்டுல இன்னொண்ணும் தெரியும், ஓரத்துல காவி நிறத்துல துரு வர ஆரம்பிச்சா துத்தநாகம் அங்க காலி, அடி இரும்பு வெளிய வந்துருச்சுன்னு அர்த்தம். வோல்ட்டேஜும் இறங்கிருக்கும், இரும்பு மைனஸ் 0.44 தான. கடிகாரம் நெசமாவே தீந்து போறது அப்பந்தான். அதுக்கு மேல நீங்க குடம் குடமா ஊத்துனாலும் பிரயோஜனம் இல்ல.

இதே அரிப்ப வேணும்னே வச்சுக்கிட்டு வாழுற ஊருங்க கடற்கரை பூரா இருக்கு. படகு, கப்பல் அடியில துத்தநாகக் கட்டிய போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க, கடல் தண்ணில அது முதல்ல கரைஞ்சு போகும், ப்ரொப்பெல்லரும் இரும்பும் தப்பிக்கும், கட்டி தேஞ்சதும் வேற மாட்டுவாங்க. ஜிஐ கூரைல ஒரு கீறல் விழுந்தாலும் உடனே துருப் பிடிக்காம இருக்கதும் சுத்தி உள்ள துத்தநாகம் தன்னைக் குடுத்துக் காக்குறதாலதான். இந்த அரிப்பையும் சேத்து மின்வேதியியல ஆராயுறதுக்குன்னே காரைக்குடில மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து வந்தது, 1953ல திறந்தாங்க. சென்னைல இருக்க தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2022ல ரோஷ்னின்னு ஒரு விளக்கு விட்டாங்க, கடல் தண்ணிய ஊத்துனா எல்இடி எரியும், கடற்கரை ஊர்க்காரங்களுக்கு உதவும்னு. நல்ல விஷயம்தான், ஆனா பேப்பர்ல "கடல் நீரில் எரியும் விளக்கு"ன்னு தலைப்புப் போட்டா ஜனங்க என்ன நெனைப்பாங்க? கடல் தண்ணி அங்க எலெக்ட்ரோலைட், அதாவது அயனி நகர வழி விடுற திரவம், அவ்வளவுதான், உள்ள இருக்க தகடுதான் சரக்கு.

இத இவ்வளவு அழுத்திச் சொல்லுறதுக்கு ஒரு பழைய கதையும் காரணம். 1996ல நமக்கு அந்தப் பக்கம் ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர் தண்ணில மூலிகையப் போட்டு பெட்ரோல் எடுத்துட்டேன்னு சொன்னப்போ நாடே திரும்பிப் பாத்துச்சு, கடைசில 2016ல கோர்ட்டு மோசடின்னு தண்டனை குடுத்துச்சு. இப்பவும் தண்ணில ஓடுற பைக்குன்னு வீடியோ வாரா வாரம் வருது. ஹைட்ரஜன் எரிஞ்சா மிஞ்சுறதுதான் தண்ணி, அடுப்புல எரிஞ்சு முடிஞ்ச சாம்பலுக்கு அது சமானம். சாம்பல வச்சு திரும்ப அடுப்பு எரிக்க முடியாது. ஹைட்ரஜனப் பிரிச்சு எடுக்கலாம், அதுக்கு எரிச்சப்போ கிடைச்சத விடக் கொஞ்சம் கூடவே செலவு பண்ணணும். இந்தச் சின்னக் கடிகாரத்த ஆதாரமா காட்டி "பாரு, தண்ணில கரண்ட் வருது, அப்பம் வண்டியும் ஓடும்லா"ன்னு பேசுறவங்க தகட்டக் கண்டுக்கிடவே மாட்டாங்க.

தண்ணியே நெசமா ஓட்டுன கடிகாரம் இல்லாம இல்ல. நம்ம ஆளுங்க வச்சிருந்த நாழிகை வட்டில் அதுதான். அடியில பொடி ஓட்டை உள்ள செம்புக் கிண்ணத்த தண்ணி மேல மெதக்க விட்டா, மெதுவா நெறைஞ்சு முங்கும், ஒரு தடவை முங்குனா ஒரு நாழிகை, 24 நிமிஷம், அறுபது நாழிகை ஒரு நாள். முல்லைப்பாட்டுல ராஜா பாசறைல இருக்கப்போ பொழுதளந்து சொல்லுற ஆளுங்க வந்து குறுநீர்க் கன்னல், அதாவது தண்ணிக் கடிகாரம், காட்டுற நேரத்தச் சொல்லுற இடம் இருக்கு, அவ்வளவு பழசு. சீனால சு சோங்ங்கிறவரு 1094 வாக்குல ஒரு கோபுரம் அளவுக்கே தண்ணிச் சக்கரத்துல கடிகாரம் கட்டிட்டாரு. இங்க கரையுறதுக்கு ஒண்ணும் இல்ல, எடையும் ஈர்ப்பும்தான் வேலை பாக்கு.

இதையும் வீட்டுல பாக்கலாம். சிரட்டை எடுத்துக்கிடுங்க, அடியில ஒரு மில்லிமீட்டருக்கும் கொறைவான துளை, வாளித் தண்ணில மெதக்க விட்டு போன்ல நேரம் பாக்கணும். கால் லிட்டர் பிடிக்கிற சிரட்டைக்கு 24 நிமிஷம் வரணும்னா 0.8 மில்லிமீட்டர் பக்கம் துளை வரும், மொதல்ல சின்னதாப் போட்டு பைய பெருசாக்குங்க. முழுசா முங்க மாட்டேன்னு மெதந்தா உள்ள ஒரு இரும்பு நட்டு ஒட்டிருங்க. அடியில ஓட்டை போட்ட பாத்திரத்துல தண்ணி வடியவிட்டு நேரம் பாக்குறத விட இது ஏன் நல்லதுன்னா, வடியுற பாத்திரத்துல மட்டம் இறங்க இறங்க வேகம் கொறைஞ்சுக்கிட்டே வரும், அதுக்குக் கோடு கோடா அளவு குறிக்கணும், முங்குற கிண்ணத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது, முங்குனா எண்ணு. வெயில் காலத்துல தண்ணி இளகி கொஞ்சம் சீக்கிரம் முங்கும், 20 டிகிரித் தண்ணிக்கும் 35 டிகிரித் தண்ணிக்கும் பாகுத்தன்மை கால் பங்குக்கு மேல வித்தியாசம், துளை எவ்வளவு பொடிசோ அவ்வளவு உறைக்கும். இதுல இன்னொரு வேடிக்கை, ராதாபுரத்து உப்புத் தண்ணி இங்க ஆகாது, காஞ்சு காஞ்சு துளையோரத்துல சுண்ணாம்பு படிஞ்சு நாழிகை நீண்டுக்கிட்டே போகும். அந்தக் கடிகாரத்துக்கு அது, இந்தக் கடிகாரத்துக்கு ஆத்துத் தண்ணி.

ஒப்பிட்டுப் பாக்க ஒரு கணக்கு: பத்து மைக்ரோ ஆம்பியர் 1.5 வோல்ட்ல ஒரு நாள் ஓட 1.3 ஜூல் ஆகுது. ஒரு லிட்டர் தண்ணி 13 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்லாத உயரம் இறங்குனா அவ்வளவு ஆற்றல் அதுல இருக்கு. அந்தச் சாண் உயரத்த கரண்டா மாத்துற அளவுக்கு சின்ன டைனமோ செய்யுறதுதான் முடியாத காரியம், உராய்வுலயே எல்லாம் போயிரும். பெருசா செஞ்சா முடியும், அதுக்கு எங்கயும் தேடிப் போக வேண்டாம், பாபநாசத்துல 1880கள்லயே ஆர்வி மில்லு தாமிரபரணி விழுற வேகத்துல ஓடுச்சு, 1940கள்ல அங்கயே பவர் ஹவுஸும் வந்துருச்சு. தண்ணி மேல இருந்து கீழ விழுதா, அப்பம் அது தண்ணிச் சக்தி. டம்ளர்ல சும்மா நிக்கா, அப்பம் வேற யாரோ வேலை பாக்காங்க.

வாங்கலாமான்னு கேட்டா, மணி பாக்க மட்டும்னா வேண்டாம். கொஞ்ச ரூபாய்க்கு வர்ற பட்டன் செல்லு, சிஆர் 2032ன்னு வரும்லா, அதுல 220 மில்லி ஆம்பியர் மணி இருக்கு, இதே அளவு கரண்ட் வாங்குற கடிகாரத்த ரெண்டரை வருஷம் ஓட்டும், கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம். ஆனா அது மூணு வோல்ட், அதுக்குன்னு டிசைன் பண்ணுன கடிகாரம் வேணும், நம்ம 1.5 வோல்ட் கடிகாரத்துல போடக் கூடாது. தாத்தா காதுல மாட்டுற கருவிக்கு ஒரு பொடி செல்லு வாங்குவோமே, ஸ்டிக்கர உரிச்சாதான் வேலை செய்யும், அதுக்குள்ள இருக்கது துத்தநாகம்தான், உரிச்ச ஓட்டை வழியா காத்துல இருக்க ஆக்சிஜன் உள்ள போகும், நம்ம தண்ணிக் கடிகாரத்துல நடக்குற அதே வினை. பிள்ளைகளுக்குக் காட்டன்னா தாராளமா வாங்கலாம், ஆனா வாங்குறதுக்கு முன்னால தகடு தனியாக் கிடைக்குமான்னு பாத்துக்கிடுங்க, பல பொட்டில அத உள்ளயே ஒட்டி வச்சிருக்கான், தகடு தேஞ்சா பொட்டிய மொத்தமா தூக்கிப் போட வேண்டியதுதான்.